பாயின் அடிக்கட்டை

தம்பிக்கு,

பதினோரு வருடமாக உன்னோடு பேசாதவன் எழுதுகிறேன். அப்பா படகை உனக்கு மட்டும் கொடுத்ததை நான் இன்னும் மறக்கவில்லை.

நாளைக் காலை என் மகள் உன்னோடு படகில் வருகிறாளாம். என்னைக் கேட்கவில்லை, தகவல் சொன்னாள். காற்றுப்பாயின் அடியில் குறுக்காக மாட்டும் கட்டை இல்லாமலும் அந்தப் படகு ஓடும். அவள் வரும்போது அதை மாட்டாதே.

"கட்டை இல்லாட்டி ஆமை வேகம்தாம்ப்பா. சித்தப்பா விழுந்து விழுந்து சிரிப்பாரு" என்கிறாள். சிரித்துக்கொள். ஆனால் காரணம் சொல்லாமல் நீ எதையும் கேட்கமாட்டாய்.

பதினோரு வருடத்துக்கு முன் நாம் கடைசியாகச் சேர்ந்து படகில் போன அன்று அந்தக் கட்டை சுழன்று உன் தலையில் அடித்தது. காற்று திரும்பிவிட்டது என்றேன். எல்லோரும் நம்பினார்கள், நீயும்தான். காற்று திரும்பவில்லை. பாயை இழுத்துப் பிடித்திருந்த கயிறு என் கையில் இருந்தது. படகு உனக்குத்தான் என்று அப்பா சொன்னதற்கு மறுநாள் அது. நான்தான் கயிற்றை விட்டேன். உன் இடது காது போயிற்று. படகுச் சண்டை என்று சொல்லி உன் முகத்தில் விழிக்காமல் தப்பித்துக்கொண்டேன்.

இரண்டு நாளாக அவள் தலை வாரும்போதெல்லாம் கட்டை உன் தலையில் பட்ட அந்தச் சத்தம் கேட்கிறது.

கடிதத்தை அவளிடமே கொடுத்தனுப்புகிறேன். நீ படித்து முடித்துப் படகை எடுத்ததும் கயிறு உன் கையில் இருக்கும், அவள் உன் எதிரே உட்கார்ந்திருப்பாள். என்னை என்ன வேண்டுமானாலும் செய். கட்டையை மட்டும் கரையில் வைத்துவிட்டுப் போ.

அண்ணன்