தூக்கம் வந்த பெறவும்

ஏட்டி மொழி, பெரிய நியூஸு, தூக்கம் வந்துட்டு, விடிய விடியத் தூங்குதேன், பசிக்கக்கூட செய்யுது! இத மொதல்ல சொல்லணும்ங்குத அவசரத்துல சொகம் விசாரிக்க மறந்துட்டேன் பாரு. நான் நல்லாருக்கேன், ஜெர்மனில நீயும் சளி காய்ச்சல் இல்லாம இருக்கணும்னு ஒனக்குப் பேரு தந்த குத்தாலத்து அம்மனக் கும்பிட்டுக்கிடுதேன். வாட்ஸப்புல அடிச்சா நீ ஒரு தம்ஸப்போட முடிச்சிருவ, அதான் பேப்பர்ல எழுதிப் போட்டோ புடிச்சு அனுப்புதேன்.

நீ சொன்ன டாக்டர்ட்ட போயி, அவரு தந்த மாத்திரைய ஒருநாள் விடாம போட்டேன். நீ சொன்னதுதான் சரி, ஒங்கம்மா எறந்த பெறவு எனக்கு வந்தது வெறும் கவலை மட்டும் இல்ல, மூளையும் சேந்துதான் சொணங்கியிருக்கு. பக்கத்து ஜூஸ் கட கிங்ஸ்லி கேலி பண்ணுதான், ஊரு செல்போனெல்லாம் சரி பண்ணுத ஆளு, ஒம்ம மண்டைக்கு யாரு அண்ணாச்சி சார்ஜ் போட்டான்னு. விடுவேனா, யூடியூப்ல பாத்த மூளை வகுப்பு அம்புட்டையும் அவன்ட்ட ஒப்பிச்சிட்டேன். ஒருத்தன் நரம்புதான் எல்லாம்ங்கான், அடுத்தவன் நெனப்புதான்ங்கான், இன்னொரு அம்மா யார்கூட வாழுதோம்ங்கதுதான்ங்காங்க, நான் கமெண்ட்ல போயி மூணு பேரோடயும் சண்ட. நம்ம கடைக்கு வருத போனையே எடுத்துக்கோ, போர்டு நல்லாருக்கும், உள்ள ஏத்துன ஆப் எல்லாம் நல்லாருக்கும், ஆனா யாராவது கூப்பிட்டாத்தான மணி அடிக்கும்? ஒண்ணச் சரி பண்ணிட்டா மத்தது சரியாயிராது. நானே கண்டுபிடிச்சேம்ட்டி! ஒங்க மூளை லேபுல நீங்க ஏற்கெனவே எழுதி வச்சிருப்பியளோ என்னவோ.

நேத்து பசி வந்த சந்தோசத்துல ஐந்தருவிக்குப் போனேன். சாரல் செமயா அடிக்கு, கூட்டம்னா அப்படி ஒரு கூட்டம். குளிச்சிட்டு பார்டர் கடைக்குப் புரோட்டா தின்னப் போனா, எத்தன பேரு அண்ணாச்சின்னு கேக்கான். ஒத்த வெரலக் காட்டினேன். நல்லாத் தின்னேன், நல்லாத் தூங்கினேன், மாத்திரை அது வேலையச் செஞ்சிட்டு. அந்த ஒத்த வெரலுக்கு அது என்னட்டி செய்யும்?

கோவப்படாத, ஒண்ணு சொல்லுதேன். ஞாயித்துக்கெழம கூப்பிட்டு, தூங்குனியளா, சாப்டியளா, மனசு பத்துக்கு எத்தனன்னு கேப்ப. ரெண்டுன்னா ஒரு மணி நேரம் பேசுவ. போன வாரம் எட்டுன்னேன், சூப்பர்ப்பான்னு ஒடனே வச்சிட்ட. இந்த வாரம் ரெண்டுன்னே சொல்லிருவமான்னு இருந்துச்சு. ஆனா மூளைய ஆராய்ச்சி பண்ணுத புள்ளைட்ட பொய்க் கணக்கு சொல்லப்படாதுல்லா. பத்துக்கு ஒம்பதுட்டி. நல்லாருக்கேன். தனியாவும் இருக்கேன்.

காலைல வெறும் வயித்தோட லேபுக்கு ஓடாத. நீ நெனச்சதெல்லாம் நடக்கும், அம்மாவும் ஒங்கூடத்தான் இருக்கா. இந்த ஞாயிறு கட்டாயம் கூப்பிடு, என்ன ஆக்குன, யார்கூட மல்லுக்கு நின்ன, சொல்லு. பேச ஒண்ணும் இல்லன்னாலும் வச்சிராத. நீ அங்கன ஒன் வேலையப் பாரு, நான் இங்கன ஸ்குரூ திருகிக்கிட்டு இருக்கேன், போனு பாட்டுக்கு ஓடட்டும்.

ஒன் அப்பா
இசக்கிப்பாண்டி
தென்காசி