அப்பாவின் ஜன்னலுக்கு வெளியே ஒரு குளம்

அக்கா,

அப்பாவுக்குச் சாப்பாட்டை மசித்து மூடி வைத்திருக்கிறேன். சூடு பண்ணிக் கொடு. சாவி மீட்டர் பெட்டிமேல்.

"ராத்திரி ஷிப்டை விட்டுட்டு வந்து குழி வெட்டினியே, யாருக்குடா, எனக்கா?" என்று நேற்றுக் கேட்டாய். அப்பாவுக்குத்தான். படுத்தபடியே தண்ணீரைப் பார்க்கட்டும் என்று, கொல்லையில் இருந்த நாலடி இடத்தையும் தோண்டித் தார்ப்பாய் விரித்துத் தண்ணீர் நிரப்பினேன். ஆனால் இடம் பார்த்தபோது நான் ஜன்னலருகே நின்றுகொண்டிருந்தேன். என் புத்தி அவ்வளவுதான்.

இன்று காலை அவர் தூங்கும்போது, அவர் தலையணையிலேயே தலை வைத்துப் பார்த்தேன். மதில் சுவர்தான் தெரிகிறது. தலைமாட்டை உயர்த்தக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். குளத்தை நகர்த்த வேறு இடமும் இல்லை.

பத்து நாளாகக் கேட்கிறேன், "தண்ணி தெரியுதாப்பா?" என்று. "பளபளன்னு தெரியுதுடா" என்கிறார்.

நாலு மணிக்கு வளர்ப்பு மீன் கடைக்காரர் வருவார். திட்டி அனுப்பிவிடாதே, மீனை வாங்கிக் குளத்தில் விடு. நான் பழைய சூப்பர்வைசரைப் பார்க்கப் போகிறேன். திரும்ப வேலையில் சேர்த்துக்கொள்ள மாட்டார்.

இன்னொன்று: மீன் என்ன நிறம் என்று உள்ளே போனதும் நீயே சொல்லிவிடு. அவரைக் கேட்காதே.