கிளிக்கு இனிமேல் மிட்டாய் கிடையாது, அத்தான்

என் பிரியமான அத்தானுக்கு,

எங்கே இருந்தாலும் ஒரு நிமிஷம் நின்று கேளுங்கள். இன்றைக்குக் காலையில் உங்கள் கிளி வாயைத் திறந்து பேசிவிட்டது! கடையில் ஆட்கள் நிற்கிறார்கள், நிற்கட்டும். முதலில் உங்களிடம் சொல்லிவிட்டுத்தான் மற்ற வேலை.

மற்றவர்களும் படிப்பார்கள் என்பதால் உங்களுக்குத் தெரிந்த கதையையும் கொஞ்சம் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். கோவில்பட்டியில் கடலைமிட்டாய்க் கடைக்குப் பஞ்சமில்லை. ஆனால் வாசலில் கிளி நின்று வரவேற்ற கடை நம்முடையது ஒன்றுதான். வேப்பமரப் பொந்திலிருந்து விழுந்து இறக்கை முறிந்த குஞ்சை நீங்கள் எடுத்துவந்து வளர்த்தீர்கள். அதற்குப் பறக்க வரவில்லை, உங்கள் குரல் வந்துவிட்டது. "வாங்க அண்ணாச்சி" என்று அச்சு அசலாக உங்களைப்போலவே இழுத்துக் கூப்பிடும்.

நீங்கள் போனபிறகு அந்தக் குரலுக்காகத்தான் அக்கா கடைக்கு வந்தாள். வியாபாரத்தை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றால் கேட்கமாட்டாள். கிளி கூப்பிடும்வரை பாக்கெட் ஒட்டுகிற மாதிரி தலையைக் குனிந்தபடி உட்கார்ந்திருப்பாள்.

இந்தக் கோடையில் கிளி பேச்சை நிறுத்திவிட்டது. வயசாகிவிட்டது, அதுதான் என்று நினைத்தோம். பகலிலும் இறகை உப்பவைத்துக்கொண்டு தூங்கியது. மூச்சு விடும்போதெல்லாம் வால் மேலும் கீழும் ஆடியது. அலகு அளவுக்கு மீறி நீண்டு வளைந்துவிட்டது. ஒருநாள் கம்பியிலிருந்து தொப்பென்று விழுந்ததும் அக்காவின் முகம் வெளுத்துப்போனது.

"ஏலே, இதுவும் போயிட்டுன்னா அவிய சத்தங்கூட எனக்கு இல்லாமப் போயிரும்லே" என்றாள்.

கூண்டைத் துண்டால் மூடிக்கொண்டு மாட்டாஸ்பத்திரிக்கு ஓடினேன். எனக்கு முன்னால் வரிசையில் வெள்ளாடுகளும் ஒரு எருமையும். கிளியோடு நிற்கிற என்னைப் பார்த்து ஆட்டுக்காரர்கள் சிரித்தார்கள். டாக்டரம்மா சிரிக்கவில்லை. கிளியின் நெஞ்சைத் தடவிப் பார்த்தார், அலகைத் திருப்பிப் பார்த்தார், பிறகு என் சட்டையில் ஒட்டியிருந்த கடலைத்தோலைப் பார்த்தார். கிளிக்கு என்ன கொடுக்கிறீர்கள் என்று கேட்டார்.

என்னத்தைச் சொல்ல? முதல் போணி கிளிக்கு என்பது நீங்கள் போட்ட சட்டம் அல்லவா? மிட்டாயை வெட்டியதும் ஓரத்துண்டு கிளிக்குப் போனபிறகுதான் வியாபாரமே தொடங்கும். நீங்கள் ஒரு துணுக்கோடு நிறுத்துவீர்கள். அக்கா பெரிய துண்டாக வைத்தாள். வருகிறவர்களும் அண்ணாச்சி ஞாபகமாக என்று ஆளுக்கொன்று நீட்டினார்கள். கழுகுமலை பஸ் கண்டக்டர் தவறாமல் இறங்கிவந்து ஊட்டிவிட்டுப் போவார். ஊர் உங்கள்மேல் வைத்திருந்த பாசத்தையெல்லாம் கிளி தின்று தீர்த்தது, அதன் ஈரலில் கொழுப்புக் கட்டிவிட்டது.

அலகு இப்படி வளர்வதே ஈரல் கெட்டதற்கு அடையாளமாக இருக்கலாம் என்றார் டாக்டரம்மா. பறவை தன் நோவை முடிந்தவரை மறைக்குமாம். நம் கண்ணில் படும்போது ஏற்கெனவே முற்றியிருக்குமாம். அலகை அவரே அரத்தால் ராவிவிட்டு, வீட்டில் யாரும் கத்தரிக்கோலைத் தூக்கக் கூடாது, ரத்தம் நிற்காது என்று எச்சரித்தார். மிட்டாயும் கடலையும் அன்றோடு சரி.

இதைக் கேட்டதும் அக்காவுக்கு வந்ததே கோபம். "அவிய வச்ச வழக்கத்த நிறுத்திட்டு நான் கட தொறக்கணுமோ?" என்றாள். எனக்கும் பொறுமை போய்விட்டது. "வழக்கம் வேணுமா, கிளி வேணுமா, நீயே சொல்லு" என்று கத்திவிட்டேன். மறுநாள் காலையில் பார்த்தால், கூண்டுக் கிண்ணத்தில் முளைகட்டிய கம்பு. பக்கத்தில் முக்காலி போட்டு அக்கா காவல்.

அப்புறம் நாங்கள் பண்ணிய ஆர்ப்பாட்டத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். பாகு காய்ச்சுகிற அடுப்புப் புகை படாமல் கூண்டை மாற்றினோம். வழவழப்பான கம்பியை எடுத்துவிட்டுக் கால் பிடிக்கத் தோதாகக் கொய்யாக் கிளையைத் தாழ்வாகக் கட்டினோம். கோவைப்பழம், முருங்கைக்கீரை என்று தினமும் விருந்து. கூண்டின் அடியில் விரித்த பேப்பரில் எச்சம் என்ன நிறம், தண்ணீராகப் போயிருக்கிறதா என்று, அந்தப் பேப்பரின் செய்திகளைவிடக் கவனமாகப் பார்த்தேன். எடை சட்டென்று இறங்கினாலும் ஆபத்தாம். அதனால் காலையில் மிட்டாய்த் தராசில் கிளியை நிறுத்தேன். அது இந்தத் தட்டில் உட்கார்ந்துகொண்டு அந்தத் தட்டில் மிட்டாய் இருக்கிறதா என்று எட்டிப் பார்க்கும்.

அக்காவோ வருகிறவர்களிடமெல்லாம் "மிட்டாய் போடாதீங்க" என்றுதான் முதல் வார்த்தையே பேசினாள். மிட்டாய்க் கடையில் சொல்கிற பேச்சா அது? கண்டக்டர் கோபித்துக்கொண்டு கொஞ்ச நாள் இந்தப் பக்கமே வரவில்லை.

இன்றைக்குத்தான் வந்தார். அவர் படி ஏறியதும் கூண்டுக்குள்ளிருந்து உங்கள் குரல்.

"வாங்க அண்ணாச்சி."

கையிலிருந்த தராசுத் தட்டை அப்படியே விட்டுவிட்டேன். கண்டக்டருக்குக் கண் கலங்கிவிட்டது. மனுஷன் சந்தோஷத்தில் எல்லாவற்றையும் மறந்து, ஒரு துண்டு மிட்டாயை ஒடித்துக் கூண்டுக்குள் நீட்டினார்.

"மிட்டாய் போடாதீங்க."

அக்காவின் குரல். ஆனால் அக்கா உள்ளே கடலை புடைத்துக்கொண்டிருந்தாள், வாயைத் திறக்கவேயில்லை. சொன்னது கிளி! எதிரே இருக்கிற எஸ்.டி.டி. பூத்காரர்கூட எழுந்துவந்து எட்டிப் பார்த்தார்.

அக்கா சுளகோடு வாசலுக்கு வந்தாள். நீங்கள் போனபிறகு முதல்முறையாக வாய்விட்டுச் சிரித்தாள், அத்தான். சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஏலே, அவிய கூப்பிடுதாவ, நான் வெரட்டுதேன். உசுரோட இருக்கையிலயும் இதான நடந்துச்சு" என்றாள்.

வயசை யாரும் குணப்படுத்த முடியாது என்று டாக்டரம்மா சொல்லித்தான் அனுப்பியிருக்கிறார். எத்தனை காலம் என்று எனக்குத் தெரியாது. ஆனால் அது இருக்கும்வரை முதல் போணி அதற்குத்தான், மிட்டாய்க்குப் பதில் கம்பு. நீங்களும் அக்காவும் அந்தக் கூண்டுக்குள் பேசிக்கொண்டே இருங்கள். நான் தினமும் பேப்பர் மாற்றுகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் கடையையும் உங்கள் பெண்டாட்டி திட்டையும் சேர்த்தே வாங்கிக்கொண்ட உங்கள் மைத்துனன்