கீலிக்கும் டெக்லனுக்கும் ஒரு சனிக்கிழமை கேட்டு

அனுப்புநர்:
ஹிலரி பென்ஃபோல்ட்,
குழந்தைகள் தரப்பு வழக்கறிஞர்,
சர்ச் லேன், மார்ல்பிரிட்ஜ், இங்கிலாந்து.

பெறுநர்:
இயக்குநர் அவர்கள்,
குழந்தைகள் நலத்துறை,
கவுண்டி மன்றம், மார்ல்பிரிட்ஜ்.

பொருள்: அக்காவும் தம்பியும் இருபது மாதங்களாகச் சந்திக்காதது, என் பிழையும் உங்கள் துறையின் பிடிவாதமும் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. கீலி (வயது ஒன்பது), டெக்லன் (வயது நான்கு) ஆகியோரை யார் வளர்ப்பது என்ற பராமரிப்பு வழக்கில் குழந்தைகளுக்காக நின்றவள் நான். 2022 ஜூலையில் இறுதி ஆணை வந்தது. கீலி இங்கே ஒரு வளர்ப்பு வீட்டுக்கும், டெக்லன் பக்கத்துக் கவுண்டியில் இன்னொரு வீட்டுக்கும் போனார்கள். ஆணையோடு என் பொறுப்பும் முடிந்தது. இம்மனு கொடுக்க எனக்கு உரிமை இல்லை என்று உங்கள் அலுவலகம் எழுதும், எழுதட்டும்.

2. அக்டோபரிலும் பிப்ரவரியிலும் பள்ளிப் பருவத்தின் நடுவே விடும் ஒரு வார விடுமுறையின் புதன்கிழமைகளில் இருவரும் சந்திக்க வேண்டும் என்ற வரியை ஆணையில் எழுதியது நானே. நீதிபதி அழைக்கக் காத்திருந்த பத்து நிமிடத்தில், முழங்காலில் தாளை வைத்து எழுதினேன். இரண்டு கவுண்டிகளுக்கும் அந்த விடுமுறை ஒரே வாரத்தில் வருவதில்லை. இருபத்திரண்டு ஆண்டுகள் இதே வேலையில் இருப்பவளுக்கு இது தெரியாதா? தெரியும். அன்று புத்தியில் உறைக்கவில்லை.

3. டெக்லனின் வளர்ப்புத்தாய் திருமதி மோரீன் டாட்ஸ் அந்தக் கவுண்டியின் பள்ளி ஒன்றில் சமையலறையில் வேலை செய்கிறார். அந்தப் பள்ளிக்கு விடுமுறை விட்டால்தான் அவரால் வர முடியும். அந்த வாரம் கீலிக்குப் பள்ளி உண்டு. நான்கு முறையும் உங்கள் துறை "ரத்து" என்று குறித்து, ஆணைப்படியே நடப்பதாகப் பதில் எழுதியிருக்கிறது. வேறு நாள் தரும்படி இரு வளர்ப்புத்தாய்மாரும் மாறி மாறிக் கெஞ்சியிருக்கிறார்கள். சனிக்கிழமைகளில் உங்கள் துறையின் சந்திப்பு அறை பூட்டியிருக்குமாம்.

4. சென்ற மாதம் கீலி, நான் முன்பு கொடுத்த அட்டையில் இருந்த எண்ணைப் பார்த்து என்னைத் தொலைபேசியில் அழைத்தாள். வழக்கின்போது நான் எதைக் கேட்டாலும், தம்பியோடு இருக்கணும் என்ற ஒரே பதில்தான் சொன்னாள். அதை வாங்கித்தர என்னால் முடியவில்லை. இப்போது அவள் அதைக் கேட்கவில்லை. "அவன் ஷூ சைஸ் என்னன்னு மட்டும் கேட்டுச் சொல்றீங்களா? நான் நெனச்சு வச்சிருக்கறது ரெண்டு வயசுக் காலு" என்றாள். அன்று முழுவதும் வேறு கோப்பு எதையும் என்னால் திறக்க முடியவில்லை.

5. திருமதி டாட்ஸிடம் விசாரித்தேன். குழந்தைகள் சைஸில் பத்து. கூடவே இன்னொன்றும் சொன்னார்: சுவரில் ஒட்டியிருக்கும் கீலியின் படத்தைக் காட்டி, இந்தப் பெண் யார் என்று டெக்லன் கேட்க ஆரம்பித்திருக்கிறான்.

6. ஆகவே ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை, மார்ல்பிரிட்ஜ் நீச்சல்குளத்தில், இரு வளர்ப்புத்தாய்மார் முன்னிலையில் இவர்கள் சந்திக்க அனுமதி தாருங்கள். அறை வேண்டாம், ஊழியர் வேண்டாம். உங்கள் கையெழுத்து ஒன்று போதும். அடுத்த அக்டோபர் வரை காத்திருக்கச் சொல்லாதீர்கள். அதற்கான நாட்காட்டிகளையும் பார்த்துவிட்டேன், அப்போதும் வாரம் ஒத்துவரவில்லை.

7. தம்பிக்கு அவளை அடையாளம் தெரியாமல் போகலாம் என்பதைக் கீலியிடம் நான் மறைக்கவில்லை. அவள் என் கட்சிக்காரர். அவளிடம் பொய் சொல்ல முடியாது. அதற்கு அவள் சொன்னாள்: "பரவால்ல. நான் யாருன்னு முதல்லேருந்து சொல்லிக்கறேன். சீக்கிரம் அவனப் பாக்க விடச் சொல்லுங்க."

உங்கள் கையெழுத்தை எதிர்பார்த்து,

ஹிலரி பென்ஃபோல்ட்

இடம்: மார்ல்பிரிட்ஜ்
நாள்: 11 மார்ச் 2024