கிருமிக்கும் கூட்டம் உண்டு

கோவை,
ஆகஸ்ட் 1998

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் மகள் கோகிலவாணியின் கல்யாணத்துக்கு முன் மாப்பிள்ளைக்கு எச்ஐவி பரிசோதனை செய்யச் சொல்லி எழுதினேன். "உள்ளூர்ப் பையன்தான் அம்மணி. கூட்டம், குலக்கோயில் எல்லாம் விசாரிச்சுப்போட்டோம். அந்த நோவு லாரிக்காரங்க வெளியூர்ல இருந்து கொண்டாறது" என்று பதில் போட்டிருக்கிறீர்கள்.

எங்கள் ஆய்வகத் தலைவரும் இதையேதான் சொல்கிறார். கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது.

அந்தக் கிருமிக்கும் மரபணு உண்டு. இரண்டு பேர் உடம்பிலுள்ள கிருமிகளை ஒப்பிட்டால், அவை பங்காளிகளா தூரத்து உறவா என்று சொல்லிவிடலாம். யார் எந்தக் குலக் கூட்டம் என்று நீங்கள் விசாரிப்பதைப் போலத்தான். தாராபுரம், பொள்ளாச்சி, கோவை ரத்த மாதிரிகளை ஒப்பிட்டேன். பல ஊர்களிலிருந்து தனித்தனியாக வந்திருந்தால் தூரத்து உறவாக இருந்திருக்கும். இவை நெருங்கிய பங்காளிகள். நமக்குள்ளேயே, அதுவும் வேகமாகப் பரவுகிறது. ரத்தம் கொடுத்தவர்களில் பாதிப் பேர் வீடும் தோட்டமும் தவிர எங்கும் போகாத பெண்கள்.

இதை அறிக்கையில் எழுதினேன். "ஏனுங்க, நம்மூர் பேரைக் கெடுக்கோணுமா?" என்று தலைவர் அந்த வரிகளை அடித்துவிட்டார்.

நீங்களாவது கேளுங்கள். கூட்டம் விசாரிக்க மாதக்கணக்கில் அலைந்தீர்கள். ரத்தம் கொடுக்க ஒரு காலைப்பொழுது போதும்.

மாதிரிகளில் பெயர் இருக்காது, எண் மட்டும்தான். ஆனால் அவற்றில் ஒன்று யாருடையது என்று எனக்குத் தெரியும். அவளுக்கும் நீங்கள்தான் கூட்டம் விசாரித்து, உள்ளூர் மாப்பிள்ளையாகப் பார்த்துக் கட்டிவைத்தீர்கள்.

உங்கள் ஒரே தங்கை