பாதி வண்டி

12.2.1997, புதன்

பக்கவாதம் வந்ததிலிருந்து வீட்டுக்காரரைப் பின்சீட்டில்தான் உட்கார வைப்பேன். இன்று ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது அவராகவே முன்சீட்டில் ஏறிக்கொண்டார். நான் வண்டியை எடுத்தேன்.

ரயில்வே பாலத்து ஏற்றத்தில் அம்பாசிடர் நின்றுவிட்டது. ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் கியர் கம்பி வழக்கம்போலச் சிக்கிக்கொண்டது. பின்னால் பஸ்காரன் ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை. எனக்கு வேர்த்துவிட்டது.

"கிளச்ச நல்லா மிதி அம்மணி," என்றார். இடது கை மடியில் அசைவில்லாமல் கிடக்க, வலது கையை நீட்டிக் கம்பியை லேசாகத் தூக்கிக் கீழே இறக்கினார். கியர் விழுந்தது. அதற்கப்புறம் ஆஸ்பத்திரி வரைக்கும், திரும்பி வீடு வரைக்கும் கிளச் நான் மிதித்தேன், கியர் அவர் போட்டார்.

"முப்பது வருசமா முழு வண்டி ஓட்டுனேன். இப்பப் பாதி வண்டி," என்று சிரித்தார். வாய் ஒரு பக்கம்தான் சிரித்தது. நாலு மாதத்தில் இன்றுதான் சிரிக்கிறார்.

வாசலில் இறங்கும்போது, "கியரு சிக்குதுன்னு மெக்கானிக்குகிட்டச் சொல்லிப்போடாத. அது பாட்டுக்குக் கெடக்கட்டும்," என்றார்.

"செரிங்க," என்றேன்.

மெக்கானிக்கிடம் நேற்றே சொல்லிவிட்டேன். கம்பியைக் கழற்றிவிட்டுத் தரையில் புதுக் கியர் வைத்துத் தருகிறாராம். இனிச் சிக்கவே சிக்காதாம், நானே சுலபமாகப் போட்டுக்கொள்ளலாமாம்.

வேண்டாமென்று சொல்லிவிடலாம். மறுபடி ஏற்றத்தில் நின்றால், அவர் பக்கத்தில் இல்லாத நாளில்?

நாளைக் காலை எட்டு மணிக்கு மெக்கானிக் வண்டியெடுக்க வருகிறார். அந்நேரம் இவர் வாசலில்தான் உட்கார்ந்திருப்பார்.