நீங்கள் இழுத்த வயர்

தை 20, 2025. திங்கள்

என்ரை டைனமோ,

உங்களுக்கு ஒரு புதினம். வீட்டுக்குச் சோலர் போடப் போகிறேன்.

ஊரில் கரண்டே இல்லாத வருசங்களில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைச் சுற்றிச் சுற்றி எனக்கு றேடியோப் பாட்டுக் கேட்க வைத்த மனிசனுக்கு நான் வைத்த பேர் அது. இப்போது கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க ஆளில்லை. எழுதியாவது பார்க்கிறேன். பிழை இருந்தால் சிரிக்காதீர்கள். ஆறாம் வகுப்போடு நின்றவள்தானே.

வசந்தினி வவுனியாவிலிருந்து நேற்றும் ஃபோன் எடுத்தாள். பங்குனியில் உங்கள் முதலாம் வருச ஆட்டைத் திவசம் முடிந்த கையோடு வீட்டைப் பூட்டிவிட்டுத் தன்னோடு வந்துவிட வேண்டுமாம். "கரண்ட் போன நேரம் இருட்டுக்குள்ளை நீங்கள் விழுந்து கிடந்தாலும் ஆருக்கம்மா தெரியும்?" என்கிறாள் உங்கள் மகள். நான் விட்டேனா? கரண்ட் போகாத வீடாக்கிக் காட்டினால் என்னை இங்கேயே இருக்க விடுவாயோ என்று கேட்டேன். அவள் சொன்னாள்: "ஓம். ஆனா ஒழுங்கா, பாதுகாப்பாச் செய்யவேணும்."

சொன்ன சொல் மாற மாட்டாள். அது உங்கள் பக்கத்துக் குணம்.

தை 22

நாள் முழுக்க அதே யோசனை. சோறு அடிப்பிடித்துவிட்டது.

தை 25, சனி

இளவாலையிலிருந்து கனிசியஸ் என்றொருவர் வந்தார். சோலர் பூட்டுகிற ஆள். தலை நரைத்துவிட்டது, வாய் மட்டும் ஓயவில்லை. கூரையில் ஏறிப் பார்த்துவிட்டு, தெற்குப் பக்க ஓட்டில் நல்ல வெயில், பனல் அங்கேதான் என்றார்.

இன்வேட்டருக்கு நான் முதலே இடம் பார்த்து வைத்திருந்தேன். சாமி அறை! விடியக் கழுவித் துடைத்து, பிள்ளையார் படத்தை ஒரு பக்கம், முருகன் படத்தை ஒரு பக்கம் தள்ளி, நடுச் சுவரை வெறுமையாக்கி வைத்தேன். வீட்டில் அதைவிடத் துப்புரவான இடம் ஏது? கனிசியஸ் விளக்கைப் பார்த்தார், கற்பூரத் தட்டைப் பார்த்தார், சாம்பிராணிச் சட்டியைப் பார்த்தார்.

"அக்கா, நான் சேர்ச்சுக்குப் போற வேதக்காரன், எனக்கே பயமாக் கிடக்கு. பற்றறிக்குப் பக்கத்திலை நெருப்புக் காட்டப்படாது. உதுக்குத் தீபாராதனை வேண்டாம், காத்துத்தான் வேணும்."

சிரித்துச் சிரித்துக் கண்ணீர் வந்துவிட்டது. நீங்கள் போன பிறகு நான் சத்தமாகச் சிரித்தது இன்றைக்குத்தான். பக்கத்து வீட்டு நல்லம்மா என்னவோ ஏதோ என்று வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தாள்.

குசினியும் கூடாதாம், எண்ணெய்ப் புகை. படுக்கிற அறையில் இரைச்சல். மேற்குச் சுவர் பின்னேர வெயிலில் கொதிக்கும். கடைசியில் விறாந்தையின் வடக்குச் சுவர். சாரல் படாது, காற்று வரும், சின்னப்பிள்ளைக்கு எட்டாது. கரித்துண்டால் சுவரில் ஒரு பெட்டி கீறிக் காட்டினார். வயர் எல்லாம் பைப்புக்குள்ளால் நேராகப் போகுமாம், ஒன்றும் தொங்காதாம்.

தை 26

கீறின பெட்டியைப் போகவும் வரவும் பார்க்கிறேன். வெறும் கரிக்கோடுதான். எனக்கு அதில் இப்போதே லைட் எரிகிறது.

மாசி 1, சனி

காலையில் கனிசியசும் ஆட்களும் வந்து, ஒழுகுகிற கரண்டை மண்ணுக்குள் விடுகிற எர்த் கம்பியை இறக்கினார்கள். முன் முற்றத்தில் இரண்டடி போகவில்லை, ணங் என்று கல். எங்கள் நிலம்தான் தெரியுமே. பிறகு குளிக்கிற தண்ணீர் ஓடுகிற வாழையடியைக் காட்டினேன். ஈர மண், ஆழ மண். கம்பி முழுதாக உள்ளே போனது. கையைத் தட்டினேன், சின்னப்பிள்ளை மாதிரி.

அதோடு நின்றிருக்கலாம்.

கனிசியஸ் சுவிச் போட்டைத் திறந்து பார்த்தார். பிறகு ஒவ்வொரு அறையாகப் பார்த்தார். ஆர் செய்த வேலை என்று கேட்டார். எங்கடை அவர் என்றேன். வயர் முறுக்கின இடமெல்லாம் கருகியிருக்கிறதாம். ஒரு இடத்திலும் எர்த் இல்லையாம். இதில் இன்வேட்டரைப் பூட்டினால் வீடு பத்தி எரியும், தான் பூட்ட மாட்டேன் என்றார்.

எல்லாத்தையும் கழட்ட வேணுமாம். எல்லாத்தையும். நீங்கள் கதிரையிலை ஏறி நிண்டு, வயர் சுத்திற பிளாஸ்டர் துண்டை வாயிலை கடிச்சபடி இழுத்த வயர்... நான் கீழை நிண்டு ரோச் லைட் பிடிச்சனான்... கழட்டிப்போட்டால் உங்கடை கை பட்டது எண்டு இந்த வீட்டிலை எனக்கு என்ன இருக்கு? போகச் சொல்லிவிட்டன். ஏலாது. கழட்ட விடமாட்டன்.

மாசி 2

நல்லம்மா கேட்கிறாள்: "செத்த மனிசன்ரை வயரிலை தொங்கிக்கொண்டே கிடக்கப் போறாய்?" இனி அவளோடு கதைப்பதில்லை.

மாசி 5

கதைத்துவிட்டேன். கறிவேப்பிலை மரம் அவள் வளவில்தானே நிற்கிறது.

மாசி 8, சனி

வசந்தினி ஃபோனில் லக்ஷனைக் காட்டினாள். உங்கள் பேரன் இப்போது நடக்கிறான் இல்லை, ஓடுகிறான். திவசத்துக்கு அவனையும் கூட்டி வா என்றேன். அவள் முகம் மாறியது. "அவன் காலிலை செருப்பு நிக்காதம்மா. உங்கடை ஃபிரிட்ஜை நினைச்சாப் பயமாக் கிடக்கு."

செருப்புப் போடாமல் ஃபிரிட்ஜைத் தொடக்கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம் அல்லவா. வருகிற ஆட்களுக்கென்று ஒரு சோடி செருப்புக்கூட அதற்குப் பக்கத்தில் வைத்திருந்தோம். கரண்ட் மெல்லமாக் கூசும், ஒன்றும் செய்யாது என்பீர்கள். நானும் அதையே எல்லாருக்கும் சொன்னேன். வேறு வீடுகளில் வெறுங்காலோடு திறக்கிறார்கள் என்பதையே மறந்துபோனோம்.

ஃபோனை வைத்துவிட்டுச் செருப்பைக் கழற்றினேன். புறங்கையால் ஃபிரிட்ஜைத் தொட்டேன். சுள்ளென்று முழங்கை வரை இழுத்தது. எனக்கே இப்படியென்றால் அந்தப் பிஞ்சுக் கைக்கு?

உங்களில் கோபம் வந்தது. நீங்கள் போன பிறகு முதல் தரம். எவ்வளவு நல்லாயிருந்தது தெரியுமோ, உங்களோடு கோபித்தது? நீங்கள் பக்கத்தில் நின்ற மாதிரி.

கோபம் ஆற முன்னமே கனிசியசுக்கு ஃபோன் எடுத்தேன். "வாங்கோ. வந்து கழட்டுங்கோ."

மாசி 15, சனி

முற்றத்தில் வயர்க் குவியல். பார்க்க மாட்டேன் என்று நினைத்தேன், பக்கத்திலேயே நின்று பார்த்தேன். உள்ளே எலி கடித்த இடம்கூட இருந்தது. இவ்வளவு நாளும் பிள்ளையார்தான் எங்களைக் காப்பாற்றியிருக்கிறார்.

பின்னேரம் கனிசியஸ் குசினிக்குள்ளிருந்து கூப்பிட்டார். சுவருக்குள் ஒரு பைப். அதற்குள் தடித்த, புது வயர். பச்சை எர்த் வயரும் சேர்த்து இழுத்திருக்கிறீர்கள். குசினிச் சுவரைத் துளைத்துக்கொண்டு வெளியே, பின்பக்கத்துக்குப் போகிறது. அங்கே ஒன்றுமில்லை. முனையை வடிவாகப் பிளாஸ்டர் சுற்றி விட்டிருக்கிறீர்கள். மற்றப் பக்கமும் அப்படித்தான், சுவிச் போட்டில் கொழுவவே இல்லை.

"உது நல்ல வேலை அக்கா. ஆரிட்டையோ கேட்டுப் படிச்சுச் செய்திருக்கிறார். எப்ப செய்தவர்?"

எனக்குத் தெரியாது. லக்ஷன் பிறக்க நான் வவுனியாவில் போய் நின்றேனே, அப்போது செய்தீர்களோ? சொல்லவே இல்லையே.

மீற்றர் வைத்துப் பார்த்தார். இதைக் கழற்றத் தேவையில்லை என்றார். அது மட்டும் இருக்கிறது.

மாசி 22, சனி

பூட்டியாயிற்று! எழுதக் கை ஓடவில்லை. கரிக்கோடு கீறின இடத்தில் வெள்ளைப் பெட்டி, நடுவில் பச்சை லைட். கீழே பற்றறி. பைப் எல்லாம் நூல் பிடித்த மாதிரி. ஒவ்வொரு சுவிச்சுக்கும் தமிழில் எழுதி ஒட்டச் சொன்னேன். "பனல்", "பற்றறி", "வீடு" என்று கனிசியசுக்கு முன்னால் வாசித்துக் காட்டினேன். கரண்ட் ஒழுகினால் தானாக நிற்பாட்டுகிற ட்ரிப் சுவிச்சில் ஒரு சின்னப் பொத்தான். அமத்தினால் டக்கென்று வீடு முழுக்க நிற்கிறது. மாதம் ஒருக்கால் அமத்திப் பார்க்க வேண்டுமாம். நான் இன்றைக்கே மூன்று தரம் அமத்திவிட்டேன். "போதும் அக்கா, அதுவும் களைச்சுப் போம்" என்றார்.

வெறுங்காலோடு ஃபிரிட்ஜைத் திறந்தேன். சும்மா திறந்து, சும்மா பூட்டினேன்.

நல்லம்மா தன் ஃபோனைக் கொண்டுவந்து எங்கள் வீட்டில் சார்ஜ் போடுகிறாள். வெயில் கரண்டில் போட்டால் கனநேரம் நிற்குமாம்.

பங்குனி 10, திங்கள்

உங்கள் ஆட்டைத் திவசம் நல்லபடி முடிந்தது. முதல் நாள் சனிக்கிழமை பொழுதுபட, வந்திருந்த வசந்தினியோடு திவசத்துக்கு மரக்கறி வெட்டிக்கொண்டிருந்த நேரம் நல்லம்மா வந்து, கரண்ட் போய் எங்கள் தெரு, ஒழுங்கை முழுக்க இருட்டு என்றாள். எங்களுக்குத் தெரியவே இல்லை. வசந்தினி வாசலில் போய் நின்று ஒழுங்கையைப் பார்த்தாள், திரும்பி வீட்டைப் பார்த்தாள்.

இன்றைக்குக் காலையில் வெளிக்கிட்டார்கள். லக்ஷனின் உடுப்பில் இரண்டு சோடியை என் அலுமாரிக்குள் வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். சித்திரை லீவுக்கு வருவார்களாம்.

பின்பக்கத்து வயரையும் போட்டில் கொழுவி, முனையில் கனிசியஸ் ஒரு பல்ப் பூட்டித் தந்தார். இப்போது அதற்குக் கீழே இருந்துதான் எழுதுகிறேன். நல்ல வெளிச்சம். சுற்றிவரக் கல்லும் நாயுருவியும்தான். இந்த இடத்தில் எனக்கு என்ன செய்து தர நினைத்தீர்கள்?